பதினாறு கட்டங்களுக்குள் காஞ்சி

(இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு)

மூர்த்தி சிறிதாயினும் கீர்த்தி பெரிது என்பது நம் நாட்டில் வழங்கிவரும் பழமொழி. காஞ்சிபுரத்தில் வளர்ந்தவர்களுக்கு இதன் பொருளை எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் எடுப்பித்த கயிலாசநாதர் கோயிலுக்குச் சென்றவர்கள், திருச்சுற்றில் வரிசையாக நிற்கும் 58 சிறு கோயில்களைக் கண்டிருப்பார்கள். பெரிய விமானத்தைச் செதுக்கிய அதே அக்கறை அந்தச் சிறு கோயில்களிலும் தென்படும். சிறியதுதானே என்று அன்றைய சிற்பி உளியை அலட்சியமாக ஓட்டவில்லை.

நான் இக்கட்டுரையில் எடுத்துக்கொண்ட பொருள் அச்சிறு கோயில்களைவிடப் பன்மடங்கு சிறியது. விரல் நகத்தில் கால் பங்குகூடத் தேறாது. கணினியில் ஒரு வலைத்தளத்தைத் திறக்கும்போது, உலாவியின் உச்சியில், தளத்தின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு குட்டிப் படம் தெரிகிறதல்லவா? அதுதான்! அதனை 'ஃபேவிகான்' என்பார்கள். தளச் சின்னம் என்று நாம் தமிழில் சொல்லலாம். 'இதற்கு ஒரு கட்டுரையா?' என்று நண்பர்கள் சிரிக்கக்கூடும். நானும் சென்ற ஆண்டுவரை அப்படிச் சிரித்தவள்தான். என் சிரிப்பை நிறுத்தியவர் எங்கள் பெரியப்பா.

வாசலில் யார் முத்திரை?

பிள்ளையார்பாளையத்தில் பெரியப்பா வீட்டில் நான்கு தறிகள் ஓடுகின்றன. சென்ற ஆண்டு அவருடைய மகன், அதாவது என் அண்ணன், ஆயத்த வலைத்தளம் அமைத்துத் தரும் ஒரு நிறுவனத்தின் துணைகொண்டு வீட்டுச் சேலைகளை விற்பதற்கு ஒரு தளம் அமைத்தார். வீடே கூடி நின்று பார்த்தது. பெரியப்பாவும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு திரையை நோக்கினார். சேலைகளின் படங்களை அவர் முதலில் பார்க்கவில்லை. திரையின் மேல் ஓரத்தில் விரலை வைத்தார். அங்கே தளம் அமைத்துக் கொடுத்த நிறுவனத்தின் சின்னம் ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஏம்மா, நம்ம வீட்டு வாசல்ல யாரோட முத்திரை இது?" என்றார்.

அண்ணனுக்கும் எனக்கும் விடை சொல்லத் தெரியவில்லை. வரலாறு படிக்கும் எனக்கு அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. சேரனுக்கு வில், சோழனுக்குப் புலி, பாண்டியனுக்குக் கயல் என்று ஏட்டில் படிக்கிறோம். நம் ஊரை ஆண்ட பல்லவர் தம் காசுகளிலும் செப்பேட்டு முத்திரைகளிலும் காளையைப் பொறித்தார்கள். விரல் நுனியில் அடங்கும் காசில் காளையின் திமிலும் கொம்பும் தெரியும்படி வடித்த ஊர் இது. இந்த ஊரில் நெய்யும் ஒருவர், தம் கடை வாசலில் அயலார் முத்திரையை மாட்டிக்கொண்டு நிற்கலாமா?

தறியும் கணினியும்

தளச் சின்னம் பிறந்த கதை சுருக்கமானது. 1999-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இன்டர்நெட் எக்ஸ்புளோரரின் ஐந்தாம் பதிப்பை வெளியிட்டது. விருப்பத் தளங்களின் பட்டியலில் ஒவ்வொரு தளத்தின் பெயருக்கும் அருகே அத்தளத்தின் குட்டிச் சின்னம் தெரிய அது வழி செய்தது. விருப்பம் என்பதற்கான ஆங்கிலச் சொல்லும் 'ஐகான்' என்பதும் சேர்ந்து 'ஃபேவிகான்' ஆயின. அந்த உலாவி 2022-இல் ஓய்வு பெற்றுவிட்டது. ஆனால் அது கொண்டுவந்த பழக்கம் எல்லா உலாவிகளிலும் நிலைத்துவிட்டது. அச்சின்னத்துக்கென்று எடுத்துக்கொண்ட கோப்பு வடிவம் அதைவிடவும் பழையது. 1985-இல் வெளிவந்த முதல் விண்டோஸ் காலத்திலிருந்தே 'ஐகோ' என்னும் அவ்வடிவம் வழங்கி வருகிறது.

அதற்கும் ஓராண்டு முன்பு, 1984-இல், ஆப்பிள் நிறுவனத்தின் மெக்கின்டாஷ் கணினி விற்பனைக்கு வந்தது. அதன் திரையில் தெரிந்த சின்னங்களை வரைந்தவர் சூசன் கேர் என்னும் அமெரிக்கப் பெண்மணி. அவர் அவற்றை முதலில் எதில் வரைந்தார் தெரியுமா? கட்டம் போட்ட கிராப் தாளில்! நீளவாக்கில் 32, அகலவாக்கில் 32 கட்டங்கள். எந்தக் கட்டத்தைக் கறுப்பாக்குவது, எதனை வெள்ளையாக விடுவது என்பதே அவருடைய வேலை. ஊசித் தையலிலும் வண்ணக் கற்களைப் பதிக்கும் கலையிலும் இருந்த பழக்கம் தமக்குக் கைகொடுத்ததாக அவரே கூறியிருக்கிறார்.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் பெரியப்பாவின் மரப்பெட்டிதான் நினைவுக்கு வந்தது. அதற்குள் கட்டுக் கட்டாகக் கிராப் தாள்கள் கிடக்கின்றன. அன்னம், மயில், யாளி, இருதலைப்பட்சி, மாங்காய், ருத்ராட்சம் எல்லாம் அவற்றில் கட்டம் கட்டமாக உட்கார்ந்திருக்கின்றன. நிறம் தீட்டிய கட்டம் என்றால் அங்கே பாவு நூல் மேலே எழும்ப வேண்டும்; வெற்றுக் கட்டம் என்றால் கீழே தங்க வேண்டும். கிராப்பின் ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் அட்டை அடித்து, அட்டைகளைக் கோத்து ஜக்கார்டுப் பெட்டியில் மாட்டினால், ஒவ்வோர் ஊடைக்கும் ஓர் அட்டை நகரும். சேலையின் கரையில் அன்னம் மெல்லத் தலை தூக்கும்.

பிரான்சு நாட்டின் லியோன் நகரில் 1804-இல் ஜோசப் மாரி ஜக்கார்டு இப்பொறியை அமைத்தார். அந்தத் துளையட்டையைக் கண்டுதான் இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் தாம் திட்டமிட்ட கணக்குப் பொறிக்கும் அட்டைகளைக் கொண்டு கட்டளையிட எண்ணினார். 1890-இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கையும் ஹோலரித் என்பவர் துளையட்டைகளைக் கொண்டே எண்ணி முடித்தார். ஆகவே தறியைக் கணினிக்குப் பாட்டி என்று கூறினால் மிகையாகாது. பாட்டி வீட்டில் பிறந்து வளர்ந்த நாம், பேத்தியின் முன்னால் கைகட்டி நிற்பது ஏன்?

சுருக்குவது வேறு, வரைவது வேறு

பெரியப்பாவின் கேள்விக்கு மறுநாளே விடை கண்டுவிடுவது என்று நான் துணிந்தேன். மரப்பெட்டியிலிருந்து அவர் புதிதாகப் போட்டிருந்த அன்னத்தின் கிராப் ஒன்றை எடுத்துக் கைப்பேசியில் படம் பிடித்தேன். படத்தை ஐகோ வடிவில் மாற்றித் தருவதாகச் சொன்ன ஏதோ ஒரு தளத்தில் அதனை ஏற்றினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை; சின்னம் வந்துவிட்டது. பெருமையோடு கொண்டுபோய்க் காட்டினேன். பெரியப்பா உற்றுப் பார்த்தார்.

"அன்னம் எங்கம்மா? சாணி உருண்டை மாதிரி இல்ல இருக்கு!"

அவர் சொன்னது உண்மை. காரணமும் எளிது. தளச் சின்னத்தின் மிகச் சிறிய அளவு 16-க்கு 16. ஆக மொத்தம் 256 கட்டங்கள். கைப்பேசிப் படத்தைச் சதுரமாக வெட்டினால் பக்கத்துக்கு 3000 புள்ளி என்று வைத்துக்கொள்வோம். அதில் 90 லட்சம் புள்ளிகள் இருக்கும். அவற்றை 256 கட்டங்களுக்குள் அடைத்தால், ஒரு கட்டத்துக்கு 35 ஆயிரத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள் சேரும். கணினி அவற்றைச் சராசரி எடுக்கிறது. அரக்கும் ஜரிகைப் பொன்னும் சராசரியானால் என்ன நிறம் வரும்? மண் நிறம்தான் வரும். எதனை வைத்துக்கொள்வது, எதனை விடுவது என்று கணினிக்குத் தெரியாது. அதற்குக் கழுத்தும் ஒன்றுதான், காலடிப் புல்லும் ஒன்றுதான்.

பெரியப்பா என் தம்பியின் கணக்கு நோட்டிலிருந்து ஒரு கிராப் தாளைக் கிழித்தார். நீளத்தில் 16, அகலத்தில் 16 என்று எண்ணிக் கோடு போட்டார். "இவ்வளவுதானா இடம்?" என்று ஒரு முறை கேட்டார். அப்புறம் பேசவில்லை. நான்கு தடவை அழித்தார். தோகையை எடுத்தார், இறக்கையை எடுத்தார், காலையும் எடுத்தார். கடைசியில் வளைந்த கழுத்தும், மூக்கும், கண்ணுக்கு ஒரே ஒரு கட்டமும் நின்றன. "அன்னத்தைக் காட்டிக் கொடுக்கிறது கழுத்துதாம்மா. மத்ததெல்லாம் இடம் இருந்தா வச்சுக்கலாம்" என்றார். முக்கால் மணி நேரத்தில் முடிந்த அந்தச் சித்திரத்தைக் கணினியில் கட்டம் கட்டமாக ஏற்றினேன். அரக்கு நிலத்தில் பொன் அன்னம் பளிச்சென்று நின்றது. பத்துத் தளங்கள் திறந்திருக்கும் நேரத்திலும் எங்கள் தளம் எது என்று தேட வேண்டியதில்லை.

பிறகு 32 கட்டத்துக்கு வேறொரு கிராப் போட்டார். அதில் இறக்கை திரும்பி வந்தது. 48 கட்டத்தில் கொண்டையும் சேர்ந்தது. இங்கேதான் ஐகோ என்னும் கோப்பின் நுட்பம் விளங்குகிறது. அது ஒற்றைப் படம் அன்று. பல அளவுப் படங்களை ஒன்றாகப் போட்டு வைக்கும் உறை. உறையின் முதல் 6 பைட்டுகள் 'இது சின்னக் கோப்பு, இதனுள் இத்தனை படங்கள்' என்று அறிவிக்கும். அடுத்து ஒவ்வொரு படத்துக்கும் 16 பைட்டுகள். படத்தின் அகலம், உயரம், எடை, அது கோப்பில் எந்த இடத்தில் தொடங்குகிறது என்ற விவரங்கள் அவற்றில் இருக்கும். மூன்று படங்களானால் 54 பைட்டுகளில் முகவுரை முடிந்துவிடும்; அதன்பின் படங்கள். எந்த இடத்துக்கு எந்த அளவு பொருந்துமோ, அதனை உலாவி எடுத்துக்கொள்ளும்.

சிலர் படக் கோப்பின் பெயரின் கடைசி எழுத்துகளை மட்டும் மாற்றிவிட்டு, 'ஐகோ ஆகிவிட்டது' என்று மகிழ்கிறார்கள். சில உலாவிகள் பெருந்தன்மையோடு அதனை ஏற்றுக்கொள்வதும் உண்டு. ஆனாலும் கோப்பு மாறவில்லை, பெயர்தான் மாறியிருக்கிறது. விசைத்தறிச் சேலையில் காஞ்சிப் பட்டு என்று சீட்டு ஒட்டுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

கோப்பு எங்கே போகிறது?

சாணி உருண்டையைப் பார்த்து நாங்கள் சிரித்துக்கொண்டிருந்த வேளையில் பெரியப்பா இன்னொன்று கேட்டார். அந்தக் கேள்விக்காகத்தான் இக்கட்டுரையை எழுதத் தொடங்கினேன்.

"நீ அனுப்பின கிராப் இப்போ யார் கையில இருக்கும்மா?"

எனக்கு வியர்த்துவிட்டது. யாரிடம் அனுப்பினேன்? தெரியாது. எந்த நாட்டில் இருக்கிறார்கள்? தெரியாது. மாற்றிக் கொடுத்தபின் அழித்தார்களா, வைத்திருக்கிறார்களா? தெரியாது. அந்த அன்னம் இன்னும் தறி ஏறாத புது வடிவம். நெசவாளர் வீடுகளில் பிறந்தவர்களுக்கு இதன் கனம் புரியும். ஒரு புது வடிவத்துக்காக மாதக்கணக்கில் கண்ணைக் கெடுத்துக்கொண்டு கிராப் போடுகிறார்கள். அதனை ஒருவன் படமாக எடுத்துக்கொண்டு போனால், விசைத்தறியில் ஏற்றி மலிவாகச் சந்தையில் இறக்கிவிடலாம். நம் நாட்டின் வடிவமைப்புச் சட்டம் (2000) புதிய வடிவத்தைப் பதிவு செய்வோருக்குப் பத்து ஆண்டுப் பாதுகாப்புத் தருகிறது. அதனை மேலும் ஐந்து ஆண்டுகள் நீட்டிக்கவும் இடம் உண்டு. ஆனால் பதிவுக்கு முன்பே ஊரறிய வெளியாகிவிட்ட வடிவத்தைப் புதியது என்று கோர முடியாது. அவசரத்தில் ஒரு பொத்தானை அழுத்திய என் விரல் எவ்வளவு பெரிய கதவைத் திறந்து வைத்துவிட்டது!

அதன்பிறகுதான் விசாரித்துக் கற்றுக்கொண்டேன். படம் மாற்றித் தரும் தளங்கள் இரு வகைப்படும். ஒரு வகை, நம் கோப்பைத் தன் கணினிக்கு வரவழைத்து, அங்கே மாற்றித் திருப்பி அனுப்புவது. மற்றொரு வகை, மாற்றும் நிரலை மட்டும் நம் உலாவிக்கு அனுப்பிவிடுவது. வேலை முழுவதும் நம் கணினிக்குள்ளேயே நடக்கும். கோப்பைத் திறக்கவும், திரைக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தாள் விரித்து அதில் படத்தை வேண்டிய அளவுக்கு வரையவும், வரைந்ததைக் கோப்பாகச் சேமிக்கவும் இக்கால உலாவிகளுக்கே ஆற்றல் உண்டு. மேலே சொன்ன 54 பைட்டு முகவுரையை முன்னால் சேர்ப்பது அதற்கு ஒரு வேலையே அன்று. முன்னது, பட்டைப் பொட்டலம் கட்டி முகம் தெரியாத சாயக்காரனுக்கு அனுப்புவது போன்றது. பின்னது, சாயக்காரனை நம் வீட்டு முற்றத்துக்கே வரவழைப்பது போன்றது.

எந்தத் தளம் எவ்வகை என்று அறிவது எப்படி? எளிய சோதனை ஒன்று உண்டு. தளத்தைத் திறந்துகொள்ளுங்கள், பிறகு இணைய இணைப்பைத் துண்டித்துவிடுங்கள், அதன்பின் படத்தைக் கொடுத்து மாற்றிப் பாருங்கள். அப்போதும் சின்னம் வந்தால், வேலை நம் கணினியில்தான் நடந்திருக்கிறது. கோப்பைச் சேமித்து, அந்தப் பக்கத்தை மூடிவிட்டு இணைப்பை மீண்டும் கொடுங்கள். இணைப்பு இல்லாமல் தவித்து நின்றுவிடுமானால், நம் படம் வெளியூர் போக இருந்தது என்று பெரும்பாலும் பொருள். எங்கள் மூன்று அன்னங்களையும் இந்த முறையில்தான் ஓர் உறைக்குள் சேர்த்தோம். கூடத்தில் இருந்த இணையப் பெட்டியின் சுவிட்சை அணைத்தவர் பெரியப்பாவே!

சின்னம் மட்டும் போதுமா?

இவ்வளவு கூறியபின் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சின்னம் நேர்மைக்குச் சான்று ஆகாது. தளச் சின்னத்தை அத்தளத்தை நடத்துபவரே வைத்துக்கொள்கிறார். எவரும் எந்தப் படத்தையும் வைக்கலாம். பூட்டுப் படத்தைச் சின்னமாக வைத்துப் 'பாதுகாப்பான தளம்' என்று மக்களை நம்பவைக்க முயன்ற ஏமாற்றுக்காரர்களும் உண்டு. நாளை எங்கள் அன்னத்தையும் ஒருவன் அப்படியே எடுத்து ஒட்டிக்கொள்ளக் கூடும்.

அப்படியானால் இந்தப் பாடு எதற்கு? முகவரிப் பலகை இருப்பதனால் கடை நல்ல கடை ஆகிவிடாது. ஆனால் நல்ல கடைக்குப் பலகை இல்லாவிட்டால், பழைய வாடிக்கையாளர்கூட வழி தவறிப் போவார். கோ-ஆப்டெக்சின் வண்ணத்துப்பூச்சியைக் கண்டதும் கைத்தறி என்று தமிழ்நாட்டுக் குடும்பங்கள் அறிந்துகொள்கின்றன. 2010-இல் நம் நாட்டின் நாணயத்துக்குத் தமிழரான உதயகுமார் அமைத்த குறியைச் சிறுவனும் எழுதிக் காட்டுகிறான். சின்னம் அடையாளத்தைத் தரும். நம்பிக்கையை அதன் பின்னால் இருக்கும் சரக்குதான் தர வேண்டும். 2005-இல் காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பட்டு முத்திரையும் கைத்தறி முத்திரையும் நடைமுறையில் இருக்கின்றன. வாங்குவோர் அவற்றைக் கேட்டுப் பார்த்து வாங்க வேண்டும். விற்போர் அவற்றையும் தம் முகவரியையும் தளத்தில் தெளிவாக இட வேண்டும். அந்தப் பெரிய வாய்மைக்கு முன்னால் நிற்கும் சிறு வாயிற்காவலனே தளச் சின்னம்.

நாம் செய்ய வேண்டியது

இக்கல்லூரியில் நம்மோடு படிப்பவர்களில் எத்தனையோ பேர் தறியோசை கேட்டுக் கண் விழித்தவர்கள். அவர்களில் பலர் 'எங்கள் வீட்டில் நெசவு' என்று சொல்லக் கூச்சப்பட்டு, கணினி படித்துச் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விட நினைக்கிறார்கள். போவது தவறன்று. ஆனால் கணினிக் கூடத்தில் நாம் புதிது என்று எண்ணிப் படிக்கும் பாடத்தை, வீட்டுத் திண்ணையில் தாத்தா கிராப் தாளில் செய்துகொண்டிருந்தார் என்பதை அறியாமல் போவதுதான் தவறு.

என் கருத்து இதுதான். ஆண்டுக்கு ஒரு நாள் போதும். நம் கல்லூரிக் கணினிக் கூடத்தை அன்று நெசவாளர்களுக்குத் திறந்துவிடுவோம். கிராப் போடும் பெரியவர்கள் ஒரு பக்கம் அமரட்டும். மாணவர்கள் மறுபக்கம் அமரட்டும். அவர்கள் பதினாறு கட்டங்களுக்குள் எதை விடலாம், எதை வைக்கலாம் என்று நமக்குக் கற்பிக்கட்டும். கோப்பு வீட்டைவிட்டு வெளியேறாமல் வேலையை முடிப்பது எப்படி என்று நாம் அவர்களுக்குக் கற்பிப்போம். பட்டு விற்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும், நான்கு தறி வைத்திருக்கும் சிறு வீடுகளுக்கும் சொந்தச் சின்னம் கிடைக்கும். செலவு ஒரு கிராப் நோட்டும் ஒரு பென்சிலும்தான்!

அண்மையில் வெளிநாட்டிலிருந்து ஓர் அம்மையார் எங்கள் தளத்தில் சேலை கேட்டு எழுதியிருந்தார். 'அந்த அன்னம் போட்ட கடைதானே?' என்று அவர் தொடங்கியிருந்ததை அண்ணன் உரக்கப் படித்தார். பெரியப்பா தறியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "கழுத்து தெரியுதாமா அவங்களுக்கு?" என்று மட்டும் கேட்டுவிட்டு, மீண்டும் நாடாவை ஓட்டினார்.